கோடையில் கணவனும் மனைவியுமாக ஓடியவர்கள்: இன்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

கடிலக்கரையான் எழுதியது:

சனிக்கிழமை திருவந்திபுரத்தில் மைத்துனரின் மகளுக்குத் திருமணம், ஞாயிற்றுக்கிழமை விடியலில் கடலூர் தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் பத்து கிலோமீட்டர் ஓட்டம், திங்கட்கிழமை பிச்சாவரம் என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டது என்னுடைய முடிவு. அக்கினி நட்சத்திரம் முடிய ஐந்தாறு நாட்கள் இருந்தன. வைகாசி முகூர்த்தத்தன்று தேவநாதப் பெருமாள் கோயிலைச் சுற்றி எத்தனை கல்யாணங்கள் நடக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த நெரிசலில் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி வாங்கி, மாலை வரவேற்பு முடிந்து பெரியவர்களையெல்லாம் வண்டியேற்றி அனுப்பிவிட்டு, இரவு பதினொன்றரைக்குத்தான் என் மனைவி வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஓட்டத்தைக் காரணம் காட்டி நான் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். நான்கு மணிக்கு அவளை எழுப்பியவனும் நான்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் போய்த் திரும்பும் வழி. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். திரும்பி வருகையில், பெரியார் கலைக் கல்லூரியை நெருங்கும் இடத்தில், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நூறடி பின்னால் சாலையோரத்து மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையை என் பக்கமாக நீட்டி இரண்டு முறை அசைத்தாள். நம் ஊரில் 'வா' என்பதற்கும் உள்ளங்கையைக் கவிழ்த்துத்தான் அசைக்கிறோம், 'போ' என்பதற்கும் கவிழ்த்துத்தான் அசைக்கிறோம். அருகில் நிற்பவருக்கு வேறுபாடு தெரியும். நூறடித் தொலைவில், கண்ணில் வியர்வை வழியும்போது தெரியாது. நான் அதைப் 'போ' என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒரு மணி பதின்மூன்று நிமிடத்தில் முடித்தேன். மெடலைக் கழுத்தில் மாட்டினார்கள். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அவளைத் தேடி வந்த வழியே நடந்தபோது, தேவனாம்பட்டினத்து மீனவப் பெண்மணி ஒருவர் அவளுடைய முழங்கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு எதிரே வந்தார். என் கழுத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளுடைய முழங்கையைத் தம் கையிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டு, இறக்கி வைத்திருந்த மீன் கூடையை எடுக்கத் திரும்பி நடந்தார். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கை அசைவுக்கு என்ன பொருள் என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.

வில்லியனூர் மகள் எழுதியது:

அது 'போ' என்பதுதான், ஐயா. முந்திய நாள் முழுவதும் அடுத்தவர்களை வண்டியேற்றி அனுப்பியவர் தம் கணவரையும் அப்படித்தான் அனுப்பியிருப்பார். ஆனால் 'போ' என்று சொன்னவரை விட்டுவிட்டுப் போகலாமா என்பது வேறு கேள்வி. அதைத்தான் நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என்னுடையது வைகாசித் தேரன்று நடந்தது. நானும் கணவரும் முந்திய நாள் அரை மாரத்தான் ஓடியிருந்தோம். பிறந்த ஊர்த் தேர் என்பதால் வடம் பிடிக்காமல் இருக்க என்னால் முடியாது. வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேரைப் புதுச்சேரித் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் தொட்டுத் தொடங்கிவைப்பதும், அது பிரெஞ்சு ஆளுநர்கள் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி என்பதும் நீங்கள் அறிந்தவையே. அவர்கள் நகர்ந்ததும் கூட்டம் பாயும். ஒரே வடத்தில் நான் முன்னால், அவர் எனக்கு மூன்று ஆள் பின்னால். தேர் மாடவீதியில் திரும்பும்போது வடம் ஒரு நொடி தளரும், பிறகு வெடுக்கென்று இறுகும். தளர்ந்த அந்த நொடியில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடிய கால்கள் மடங்கி அவர் கீழே சரிந்திருக்கிறார். நான் தேரின் உச்சியைப் பார்த்துக் கைகளைத் தலைக்கு மேல் கூப்பியிருந்தேன்.

பதினெட்டு வயதிருக்கும் ஒரு பையன் அவரை இடுப்போடு பற்றித் தூக்கி வீதியோரத் திண்ணையில் கிடத்திவிட்டு, என்னிடம் ஓடி வந்து, "அக்கா, உங்ககூட வந்தவரா அவரு?" என்று கேட்டான். நான் தேரிலிருந்து கண்ணை எடுக்காமல் "இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் தயங்கி அங்கேயே நின்றதால்தான் திரும்பிப் பார்த்தேன். திண்ணையில் கிடந்தவரின் வேட்டிக்கரை கண்ணில் பட்டது. காலையில் நான் எடுத்துக் கொடுத்த வேட்டி. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மோர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நான் சொன்ன பதில் அவருக்குத் தெரியாது. அந்தப் பையனுக்குத் தெரியும்.

நெல்லிக்குப்பத்தார் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் மனத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் முதலில் பேச வேண்டியது உடலைப் பற்றி. என் மனைவி ஒரு மே மாத அரை மாரத்தானில் பதினெட்டாவது கிலோமீட்டரில் நின்று, என்னைப் பார்த்து, "வீட்டுச் சாவியைக் கொடுங்க, பால்காரர் வந்துட்டாரு" என்றார். நாங்கள் நின்ற இடம் புதுச்சேரி கடற்கரைச் சாலை. என் அனுபவம் அவ்வளவுதான், ஆனால் அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெயிலில் ஓடுபவர் இடம் பொருள் தெரியாமல் பேசினால் அது களைப்பு அன்று. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்திருக்கலாம் என்று கொண்டு உடனே செயல்பட வேண்டும். 108-ஐ அழையுங்கள், ஆனால் வண்டி வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். பெரிய தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் கழுத்துவரை இறக்குவதே சிறந்தது. இல்லையென்றால் நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஈரத்துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வையுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கினால்தான் உள்ளுறுப்புகள் தப்பும். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

நம் கரையோரத்தில் விடியற்காலை ஓட்டம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் முழு உண்மை அன்று. வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் அந்த நேரத்தில்தான் மிகுதி. வியர்வை வழிந்து கீழே சொட்டுமே தவிர உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கடற்காற்று உள்ளே வரப் பெரும்பாலும் நண்பகல் ஆகிவிடும். வெப்பத்துக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அதற்குள் பழைய வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாகமே இல்லாமல் ஒவ்வொரு மேசையிலும் நின்று வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் தலைசுற்றலையும் குழப்பத்தையும் உண்டாக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம் என்றால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. கடைசியாக, கல்யாண வீட்டில் கண்விழித்தவர் மறுநாள் ஓடவே கூடாது. கடிலக்கரையான் தம் மனைவியை எழுப்பிய அந்த நான்கு மணியில்தான் தவறு நடந்தது, மதகுக் கட்டையில் அன்று.

சொல்தா வீட்டு மருமகள் எழுதியது:

நெல்லிக்குப்பத்தார் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியவை பயனுள்ளவை, நான் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் மனைவி பால்காரரைப் பற்றிப் பேசியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் அதைத்தான் எழுத முயல்கிறோம். தவறு நான்கு மணியில் நடந்தது என்று கடிலக்கரையானுக்கும் தெரியும். அவரே முதல் பத்தியில் எழுதிவிட்டார்.

எங்கள் வீட்டில் கோடை ஜூலை வரை நீளும். மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அப்படிப்பட்டவரைத்தான் புதுச்சேரியில் சொல்தா என்போம். பிரெஞ்சுத் தேசிய நாளையொட்டி ஜூலை 13 இரவு விளக்கு ஊர்வலம், மறுநாள் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், இடையில் எங்கள் திருமண நாள், அதற்கடுத்த ஞாயிறு ஓட்டம் என்று அந்த வாரம் நிரம்பிவிடும். ஓடுவது நான் மட்டுமே. கணவர் கடற்கரைச் சாலைக் காந்தி சிலையருகே ஒரு துண்டும் என் செருப்பும் வைத்துக்கொண்டு நிற்பார். ஆறு ஆண்டுகளாக அதே தூணருகே நின்றவர் அன்று அங்கே இல்லை. பாதம் எரிய, கோபத்தோடு தேடினேன். கொஞ்சம் தள்ளித் தரையில் ஒருவர் கிடந்தார், அவருடைய கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என் கணவர் என்னுடைய துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். நான் கேட்ட முதல் வார்த்தை, "என் செருப்பு எங்கே?"

அவர் நிமிர்ந்து பார்த்து, "இவரோட மனைவி பின்னாடி ஓடி வந்துகிட்டிருக்காங்களாம், மஞ்சள் சட்டையாம், நீ போய் நில்லு" என்றார். ஓட்டம் முடியும் கோட்டருகே போய் நின்றேன். மஞ்சள் சட்டை அணிந்த பெண் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக இவ்வளவு தூரம் ஓடியவர்களுக்கே வரும் சிரிப்போடு வந்தார். என்னைப் பார்த்தும் சிரித்தார், வாழ்த்துச் சொல்ல வந்தவள் என்று நினைத்திருப்பார். அந்தச் சிரிப்பை நிறுத்தியவள் நான். அவருடைய கணவர் அன்று மாலையே எழுந்து நடந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த முகத்திடம் சொல்ல வேறு சொற்கள் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு ஜூலையும் தோன்றுகிறது. "வாங்க, உங்க வீட்டுக்காரர் அங்க உட்கார்ந்திருக்கார்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "அவரு விழுந்துட்டாரு."

முதுநகர்வாசி எழுதியது:

ஓட்டத்துக்கு மறுநாள் பிச்சாவரம் போனதைப் பற்றிக் கடிலக்கரையான் ஒன்றும் எழுதவில்லையே. போவதாக இருந்தால் துடுப்புப் படகில்தான் போக வேண்டும். விசைப்படகு சுரபுன்னை வேர்கள் வளைந்து கூடும் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையாது, அகன்ற நீர்ப்பரப்பைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து விடும். காலையில் சீக்கிரமே படகேறிவிட்டால் வெயிலும் தெரியாது. நானும் மனைவியும் ஓட்டத்தை விட்டுவிட்டோம். இப்போது கரையேறவிட்ட குப்பம் வரை நடந்து திரும்புகிறோம். அப்பர் பெருமான் கல்லோடு கரையேறியதாகச் சொல்லும் இடம் வந்ததும் அவள் ஒரு நிமிடம் நிற்பாள், நானும் நிற்பேன்.

கடிலக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெல்லிக்குப்பத்தார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

முதுநகர்வாசி கேட்டதால் எழுதுகிறேன். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில்தான் போனோம். படகோட்டி தில்லை மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் படக்கூடாது என்றும், சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் அந்த மரத்தால் வந்தது என்றும் சொல்லிக்கொண்டே துழாவினார். வேர்கள் தலைக்கு மேல் கூடிய இடத்தில் சத்தமே இல்லை. கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் அமைந்திருக்காது. அவள் தண்ணீரில் கையை விட்டபடி எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிரக் கேட்கவில்லை.

வில்லியனூர் மகள் எழுதியதைப் படித்த பிறகு, நேற்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். அவள் உடனே சொல்லிவிட்டாள். யோசிக்கக்கூட இல்லை.

"போங்கன்னுதான் காட்டுனேன். நீங்க வளைவுல மறைஞ்சதும் ஒரு தரம் கூப்பிட்டேன். அதக் கேட்டுத்தான் அந்த அம்மா கூடையை இறக்கி வச்சுட்டு வந்தாங்க."