குளோரின் வில்லை மிதந்தும் குளம் ஏன் பச்சையானது?

நீலாங்கரையில் அக்கா வீட்டு நீச்சல் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழம். ஏறக்குறைய 48,000 லிட்டர் பிடிக்கும். சித்திரை வெயிலில் அது பச்சைப் பசேலென்று மாறிவிட்டது. பராமரிக்க வருபவர் பொறுப்பானவர். மிதவையில் குளோரின் வில்லை தீரவே விடமாட்டார். "இன்னும் நான்கு வில்லை போட்டால் தெளிந்துவிடும் அம்மா" என்றார். தண்ணீர்ச் சோதனை என் தொழில் என்பதால் அக்கா என்னை அழைத்தார்.

குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 3 பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.6. இரண்டிலும் குறை சொல்ல முடியாது. அடுத்து சயனூரிக் அமிலத்தைப் பார்த்தேன். சோதனைக் குழாயில் 100 என்ற கோட்டைத் தண்ணீர் எட்டும் முன்பே அடியிலிருந்த கறுப்புப் புள்ளி மறைந்துவிட்டது. அதாவது, அளவு 100 பிபிஎம்முக்கும் மேல். திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் போதும்.

இந்த அமிலம் வேண்டாத பொருள் அல்ல. வெயில் குளோரினைச் சிதைத்துவிடாமல் காப்பது இதுதான். ஆனால் அளவு மீறினால் குளோரினை இறுகப் பிடித்துக்கொள்ளும். சோதனையில் 3 என்று காட்டும், பாசியைக் கொல்லும் வேகம் இருக்காது. வில்லையிலேயே இந்த அமிலம் கலந்திருக்கிறது. வில்லை வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால், கூடவே சுமார் 6 பிபிஎம் அமிலமும் சேரும். குளோரின் செலவாகிவிடும். அமிலம் ஆவியாகாது, மணல் வடிகட்டியிலும் தங்காது. மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். வில்லை விற்பவர்கள் இதை வாங்குபவரிடம் சொல்லாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது.

தண்ணீரை மாற்றுவதுதான் வழி. சென்னைக் கோடையில் இதைச் சொல்லவே மனம் வரவில்லை. வில்லையை நிறுத்தி, குளோரின் ஏறத்தாழ இல்லாமல் போகும்வரை காத்திருந்து, பாதித் தண்ணீரைத் தென்னைகளுக்குத் திருப்பினோம். முழுவதும் இறைக்க நான் சம்மதிக்கவில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாக இருந்தால், காலியான குளத்தொட்டியை அது கீழிருந்து தூக்கிவிடக்கூடும். பிறகு 12,000 லிட்டர் லாரி இரண்டு வந்தன. ஊற்றும் முன் அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பாகிவிடும்.

அமிலம் 60க்கு அருகில் இறங்கியது. அன்று மாலை, வெயில் தாழ்ந்த பின், இந்த அமிலம் கலக்காத குளோரின் மருந்தான 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒன்றரைக் கிலோவைச் சிறுகச் சிறுக வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, குளோரினை 20 பிபிஎம் வரை ஏற்றினோம். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுவர்களையும் படிகளின் மூலைகளையும் அழுத்தித் தேய்த்தோம். பம்பு இரவும் பகலும் ஓடியது, அடுத்த மாலைகளிலும் குறைந்ததை ஈடுகட்டினோம். பச்சை முதலில் சாம்பல் கலந்த வெண்மையானது. அது செத்த பாசி. வடிகட்டியின் அழுத்தமானி வழக்கத்தைவிட 8 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏறும்போதெல்லாம் அதைத் தலைகீழ் ஓட்டத்தில் கழுவினோம். அடித்தரை ஓடுகள் தெரியும்வரை யாரையும் இறங்கவிடவில்லை.

இப்போது வழக்கமான குளோரினுக்கு ஹைப்போகுளோரைட்தான். வில்லை, வீடு பூட்டியிருக்கும் நாட்களில் மட்டும். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே கரண்டியோடு இருந்தன. அவை கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பராமரிப்பவரிடம் அதை விளக்கி, தனித்தனி அறையில் தனித்தனிக் கரண்டியோடு வைக்கச் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.