குடும்பக் குழு: ஜெர்மனியின் டோர்ட்முண்டு நகரில் எந்த அறையை எடுப்பது?

[மாலை 6:12] கயல்விழி: அனைவருக்கும் வணக்கம். சீனியர் அக்காவின் அறையில் இந்த மாதக் கடைசி வரைதான் தங்க முடியும் என்பதால், வேறு அறையை இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதால் அதை நம்பி இருக்க முடியாது. இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாவது பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது, மாதம் 260 யூரோ. ஆனால் அந்த முகவரியில் அன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு, செய்துகொள்ளக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். இரண்டாவது, மாணவிகள் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை. எஸ்-பான் ரயிலில் போய்வர வேண்டும், வெப்பமூட்டும் செலவும் சேர்த்து மாதம் 370 யூரோ, பதிவுக்கான கடிதம் தருவதாகச் சொல்கிறார்கள்.

[மாலை 6:20] அப்பா: வித்தியாசம் 110 யூரோ என்றால் மாதம் 11,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கல்விக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது சின்னத் தொகை இல்லை, கயல். அந்தப் பதிவைச் சில மாதங்கள் கழித்துச் செய்துகொள்ள வழி இல்லையா என்று கேட்டுப் பார்.

[மாலை 6:31] செந்தில் அண்ணன்: சித்தப்பா, தயவுசெய்து அந்த 260 யூரோ அறையை மறந்துவிடுங்கள். குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதற்கு, இன்னார் என் வீட்டில் குடியேறியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். 2015 நவம்பர் முதல் அந்தக் கடிதம் கட்டாயம். அவசரம் ஏன் என்றால், மற்ற எல்லாமே அந்தப் பதிவுச் சான்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். பல வங்கிகள் கணக்குத் தொடங்க அதைக் கேட்கும். நீங்கள் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று முடக்கி வைத்த கணக்கில், போட்டு வைத்திருக்கும் 11,904 யூரோவிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ வந்து விழுவதற்கு அந்த வங்கிக் கணக்கு வேண்டும். விசா முடிவதற்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே சான்றைத்தான் முதலில் வைக்கச் சொல்வார்கள். பகுதிநேர வேலைக்குத் தேவையான வரி எண்கூடப் பதிவு செய்த முகவரிக்குத் தபாலில்தான் வரும்.

[மாலை 6:38] இராசு மாமா: செந்தில் தம்பி சொல்வது புரிகிறது. அப்படியானால் அந்த சீனியர் பெண்ணின் முகவரியிலேயே பதிவு செய்துவிட்டு, குடியிருப்பதை மட்டும் குறைந்த வாடகை வீட்டில் வைத்துக்கொண்டால் அத்தானுக்கும் பாரம் குறையும் அல்லவா?

[மாலை 6:44] செந்தில் அண்ணன்: வேண்டவே வேண்டாம், மாமா. உண்மையில் குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக மட்டும் முகவரி கொடுப்பது குற்றம். அதற்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வந்து இறங்கிய நாள் முதல் தனக்கு இடம் கொடுத்த பெண்ணைக் கயல் அப்படிச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

[மாலை 6:47] இராசு மாமா: அப்படியென்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். உதவி செய்தவருக்கு நம்மால் துன்பம் வரவே கூடாது.

[மாலை 6:55] அம்மா: பணக் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது, அந்த இரண்டாவது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சமைக்க முடியுமா என்பதுதான். நேற்றுப் பேசும்போது உன் குரலே சரியாக இல்லை, கயல்.

[இரவு 7:08] கயல்விழி: சமைக்கலாம் அம்மா. குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று ஒரு தட்டை ஒதுக்கிக் காட்டினார்கள். அதன் கதவில் யார் எந்த வாரம் அடுப்படியைத் துடைப்பது, யார் குப்பையைத் தரம் பிரித்துக் கீழே கொண்டுபோவது என்று அட்டவணை ஒட்டியிருக்கிறது. என் பெயருக்கு இடம் விட்டு ஒரு வரி காலியாக இருந்தது. தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறுமே என்று கேட்டேன். அடுப்படி ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டால் போதும், குளிர்காலத்திலும் நாங்கள் தினமும் சில நிமிடம் அப்படித்தான் திறந்து வைப்போம், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும் என்றார்கள். குரலைப் பற்றிக் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும்போதுதான் மனது கனத்துப் போகிறது. வகுப்பு நாட்களில் அப்படி இல்லை.

[இரவு 7:21] செந்தில் அண்ணன்: சித்தி, வாடகைக் கணக்கைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டிசம்பரில் இங்கே காலை எட்டரை மணிக்குத்தான் விடியும், மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதங்களில் தனி அறையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் வகுப்புக்குப் போவதையும் நேரத்துக்குச் சாப்பிடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிப்ரவரி வாக்கில் தேர்வுகள் தொடங்கும்போதுதான் அது வீட்டுக்கே தெரியவரும். அடுப்படியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கும் வீட்டுக்கு 110 யூரோ கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவே இல்லை. ஜெர்மன் பேச்சும் அங்கேதான் படியும். வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்பில் அதற்கு வேறு வாய்ப்புக் குறைவு.

[இரவு 7:34] அப்பா: நான் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 992 யூரோவில் வாடகை 370 போக, மருத்துவக் காப்பீட்டுக்கு 150 என்று வைத்துக்கொண்டாலும் 470 யூரோ மிஞ்சுகிறது. ரயில் கட்டணம் எவ்வளவு ஆகும்?

[இரவு 7:37] கயல்விழி: செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே ரயில் பாஸும் அடங்கியிருக்கிறது அப்பா, அதனால் தனிச் செலவு இல்லை. அதை வைத்துக்கொண்டு ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் ரயிலில் போய்வரலாம் என்று அக்கா சொன்னார். இலங்கைத் தமிழர்கள் கட்டிய கோயில்; ராஜகோபுரத்தோடு 2002இல் குடமுழுக்கு நடந்ததாம்.

[இரவு 7:41] அம்மா: முதல் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வா. கடைகள் மூடியிருந்தால் என்ன, கோயில் திறந்திருக்கும்.

[இரவு 7:46] அப்பா: அப்படியானால் இரண்டாவது அறையையே எடுத்துக்கொள், கயல். இன்னொன்று, முதல் செமஸ்டரில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லாதே. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை மாணவர்கள் வேலை செய்யலாம் என்று செந்தில் முன்பே சொல்லியிருக்கிறான்; அந்த உரிமை எங்கும் ஓடிவிடாது. முதலில் பாடம் பிடிபடட்டும்.

[இரவு 7:58] செந்தில் அண்ணன்: நல்ல முடிவு, சித்தப்பா. கயல், கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொள். முன்பணம், வெப்பமூட்டும் செலவு போன்றவை சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது, அதை மூன்று தவணையாகக் கட்டவும் உனக்கு உரிமை உண்டு. சாவி வாங்கும்போது சுவர், தரை, மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து, இருக்கும் கீறல்களை ஒப்படைப்புத் தாளில் எழுதி வாங்கிக்கொள். காலி செய்யும்போது அந்தத் தாள்தான் முன்பணத்தைத் திருப்பித் தரும். குடியேறிய அன்றே தபால் பெட்டியில் உன் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை ஒட்டிவிடு. இங்கே தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லை என்றால் வங்கி அட்டை முதல் வரி எண் வரை எல்லாம் திரும்பிப் போய்விடும்.

[இரவு 8:03] கயல்விழி: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது, அண்ணா. அப்படியானால் பெட்டியில் முருகேசன் என்றுதான் ஒட்ட வேண்டும்.

[இரவு 8:05] அப்பா: ஒட்டிவிட்டு ஒரு படம் அனுப்பு, அம்மா.

[இரவு 8:11] கயல்விழி: கட்டாயம் அனுப்புகிறேன், அப்பா. அந்த வீட்டாருக்கு இப்போதே சம்மதம் சொல்லிவிட்டேன். நாளை மாலை ஒப்பந்தத்தின் நகலை அனுப்புகிறார்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் அண்ணனுக்கு அனுப்புகிறேன். நகர அலுவலகத்தில் முன்பதிவு நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் இன்றிரவே இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். அம்மா, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் இரவு எட்டரைக்கு அழைத்தால் எனக்கு மாலை நான்கு மணியாக இருக்கும்.