பி.எஸ்சி. விலங்கியல் முடித்து பப்ளிக் ஹெல்த் படிக்க என்ன ஸ்காலர்ஷிப் இருக்கு?

தங்கச்சிமடம்காரன்

தங்கச்சி பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம், எம்பிசி. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. பொது சுகாதாரத்தில் மேற்படிப்புக்குப் போகணும் என்கிறாள். எம்பிஎச் (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) என்று தேடினால் தனியார் கல்லூரிகள் லட்சக்கணக்கில் கேட்கின்றன. இப்போது புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் வருகிறது; பி.ஜி.க்கும் அது வருமா? வேறு என்ன உதவித்தொகை இருக்கிறது, இரண்டு மூன்று சேர்த்து வாங்கலாமா? மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா கரையில் இருக்கும்போதே சான்றிதழ் வேலையை முடித்துவிடலாம் என்று பார்க்கிறோம். எதெல்லாம் எடுக்க வேண்டும்?

மண்டபம் கேம்ப்

புதுமைப் பெண் இளநிலையோடு நின்றுவிடும் தம்பி. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஸ்காலர்ஷிப்பைத் தேடுவதற்கு முன்னால் சீட் எங்கே என்று முடிவு பண்ணுங்கள். எந்த நிறுவனத்தில் சேர்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் பணம் வரும். ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களில் படிக்கும் தமிழ்நாட்டு பிசி, எம்பிசி, டிஎன்சி (சீர்மரபினர்) பிள்ளைகளுக்கு மாநில அரசே ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு முதலில் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே எம்.எஸ்சி. எபிடெமியாலஜி அண்ட் பப்ளிக் ஹெல்த் (நோய்ப் பரவலியலும் பொது சுகாதாரமும்) இருக்கிறது. சேர்க்கை சியூஇடி பிஜி என்ற தேசிய நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வழியாக. நம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான்: பி.எஸ்சி. ரிசல்ட் வந்த பிறகு ஜூனில் விசாரிக்கிறார்கள். தேர்வு மார்ச்சிலேயே முடிந்துவிடும். விண்ணப்பம் அதற்கும் முன்னால், டிசம்பர், ஜனவரி வாக்கில். கடைசி செமஸ்டர் எழுதும் முன்பே போட்டாக வேண்டும்.

விலங்கியல் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. 1975ல் தொடங்கிய புதுச்சேரி விசிஆர்சி (நோய் பரப்பும் பூச்சிகளின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்), இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நிறுவனம். அங்கே எம்.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் என்டமாலஜி (பொது சுகாதாரப் பூச்சியியல்) இரண்டு வருஷம், பட்டம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினுடையது. கொசு, ஈ, உண்ணி, அவை பரப்பும் நோய்கள், கட்டுப்பாடு. அவர்களுக்கு மதுரையில் கள நிலையமும் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் மலேரியா விடாமல் இருந்ததற்குக் காரணமான கொசு அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். சவுக்குத் தோப்பில் தண்ணீருக்குத் தோண்டும் மணல் குழிதான் அதன் நாற்றங்கால். இதைத் தெருவிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை, தேர்விலோ நேர்காணலிலோ கேட்டால் தைரியமாகப் பேசலாம். ஒன்று மட்டும்: அந்த 2 லட்சம் விசிஆர்சிக்கும் பொருந்துமா என்று சேரும் முன்பே கலெக்டர் ஆபீஸில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிச் சேராதீர்கள்.

எம்பிஎச்சைப் பொறுத்தவரை, நல்ல இடங்கள் பலவும் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் முடித்தவர்களையோ வேலை அனுபவம் உள்ளவர்களையோதான் முதலில் பார்க்கின்றன. தகுதிப் பத்தியைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டாம்.

கீழக்கரை இசேவை

சான்றிதழ் பற்றி நான் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது உங்களுக்கு ரொம்பப் பொருத்தம், காரணம் கடைசியில்.

வருமானச் சான்றிதழ், இசேவையில் ஆர்இவி 103 என்ற எண்ணில் இருக்கும். ஒரு வருஷம்தான் செல்லும். பங்குக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு தேவையில்லை. ரேஷன் கார்டு, ஆதார், உறுதிமொழி போதும், விஏஓ விசாரித்து மேலே அனுப்புவார். விசாரணையில் சொல்லும் தொகையும் விண்ணப்பத்தில் போட்ட தொகையும் ஒன்றாக இருக்கட்டும். மாறினால் திருப்பிவிடுவார்கள்.

ஓபிசி (மத்திய அரசுப் பட்டியலின் இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனி. "எங்களிடம் எம்பிசி சாதிச் சான்றிதழ் இருக்கிறதே" என்று திருவாரூருக்கோ புதுச்சேரிக்கோ போய் நிற்காதீர்கள். மத்திய நிறுவனத்தில் அது ஓபிசி இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதியான பிரிவில்) வரவில்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் எடுக்க வேண்டும். சேர்க்கையின்போது பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். பிப்ரவரியில் எடுத்தால் ஜூலையில் மறுபடி அலைய வேண்டும். தடைக்காலம் பொருத்தம் என்றது இதனால்தான். இன்னொன்று, ஆதார் ஓடிபி அப்பாவின் போனுக்கு வரும், போன் படகில் கிடக்கும். அப்படியே நின்றுபோன விண்ணப்பங்கள் இங்கே ஏராளம்.

அடுத்தது பெயர். மார்க் சீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பேங்க் பாஸ்புக்கில் வேறு எழுத்து. மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் தளமான என்எஸ்பி போர்ட்டலில் ஓடிஆர் (ஒருமுறைப் பதிவு) ஆதாரை வைத்துத்தான் நடக்கிறது, முகம் காட்டிச் சரிபார்க்கவும் வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கல்லூரி சரிபார்ப்பில் மாட்டும். ஆதாரை மார்க் சீட்டுக்கு ஏற்றபடி இப்போதே திருத்துங்கள், மார்க் சீட்டைத் தொடாதீர்கள்.

தங்கச்சிமடம்காரன்

ரொம்ப நன்றி அண்ணே. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஸ்காலர்ஷிப் என்று ஒன்று மாதம் 15,000 தருவதாகக் கல்லூரியில் சொன்னார்களாம். அது இவளுக்குக் கிடைக்குமா?

தொண்டி அக்கா

கேட்கலாம். நேஷனல் ஸ்காலர்ஷிப் ஃபார் போஸ்ட் கிராஜுவேட் ஸ்டடீஸ் என்பது அதன் பெயர். வருஷத்துக்கு 10 மாதம், மாதம் 15,000, இரண்டு வருஷம். நாடு முழுக்க 10,000 பேர், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. பி.ஜி. முதல் வருஷத்தில் சேர்ந்தவுடனே என்எஸ்பியில் போட வேண்டும். இரண்டாம் வருஷம் போய்ப் புதிதாகக் கேட்க முடியாது. வயது 30க்குள். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. இளநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு, அதனால் இந்தக் கடைசி செமஸ்டரை விட்டுவிடக் கூடாது.

ஒரே படிப்புக்கு இரண்டு அரசு உதவித்தொகையை ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், இரண்டும் வந்தால் ஒன்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எதை விடுவது? மாநிலத்தின் 2 லட்சம் உச்சவரம்புதான். கட்டணம் எவ்வளவோ அவ்வளவே வரும். யூஜிசி பணம் வருஷம் 1.5 லட்சம் கையில் ரொக்கம். கட்டணம் குறைந்த மத்தியப் பல்கலையில் யூஜிசிதான் லாபம் என்பேன்.

பேங்க் விஷயம் ஒன்று. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் மட்டும் பத்தாது, பேங்க்குகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐயில் சீடிங் (அரசுப் பணம் வரும் கணக்காக ஆதாரோடு இணைப்பது) ஆகியிருக்க வேண்டும். கடைசியாக எந்த பேங்கில் சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். புதுமைப் பெண் வருகிற கணக்கு முழு கேஒய்சி இல்லாத சின்னக் கணக்காக இருந்தால் இன்னும் கவனம்: அதில் வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பும் 50,000க்கு மேல் போகக் கூடாது. 1.5 லட்சம் அங்கே தங்காது. பேங்க்குக்குப் போய் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

அப்பா மீனவர் நல வாரிய உறுப்பினராக இருந்தால் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. சின்னத் தொகைதான், மீன்வளத் துறை ஆபீஸில் கேளுங்கள்.

மண்டபம் கேம்ப்

வெளிநாடு பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப் ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு. கட்டணம், விமானம், செலவுத் தொகை எல்லாம் சேர்த்து. சுகாதாரத் துறையும் அதன் தலைப்புகளில் ஒன்று. பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டு வருஷம் நாட்டில் இருக்கவும் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான வெளிநாட்டுப் படிப்பு உதவி வருஷம் 36 லட்சம் வரை. எம்பிசிக்கு அது இல்லை. சிறுபான்மையினர் பி.எச்டி.க்கு வாங்கிய மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் 2022லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

கீழக்கரை இசேவை

விட்டுப்போனது: என்எஸ்பியில் சமர்ப்பித்ததோடு வேலை முடியாது. கல்லூரியில் இதற்குப் பொறுப்பான நோடல் அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். குறை இருந்தால் டிஃபெக்டிவ் என்று திரும்பி வரும், திருத்த நாள் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய் ஸ்டேட்டஸ் பார்க்கச் சொல்லுங்கள், எஸ்எம்எஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.