ஹோட்டலுக்கு ஏசி பூட்ட அனுமதி எடுத்த கதை: உங்களுடையதையும் எழுதுங்கள்

உவர்மலை ஏசிக்காரன்:

பதினெட்டு வருடமாகத் திருகோணமலையில் ஏசி வேலை செய்கிறேன். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு இரண்டு என்று பூட்டித் திரிந்த காலத்தில் அனுமதி பற்றி யோசித்ததே இல்லை. போன வருடம் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டை 14 அறை ஹோட்டலாக மாற்றும் வேலை வந்தது. அதில் பட்ட பாட்டை எழுதினால் யாருக்காவது உதவும்.

ஏசி அனுமதி என்று தலைப்புப் போட்ட ஒரு கடதாசி கடைசிவரை என் கையில் வரவில்லை. அது பிளானுக்குள் கொஞ்சம், கரண்டுக்குள் கொஞ்சம், கடல் எல்லைக்குள் கொஞ்சம் என்று ஒளிந்திருக்கிறது. முதலாளியோ, "வீடு ஏற்கெனவே நிக்குதுதானே தம்பி, பெயின்ட் அடிச்சுத் திறப்பம்" என்றார். வீடு ஹோட்டலாகிறது என்றால் அது பயன்பாட்டு மாற்றம். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் (1978 இன் 41 ஆம் இலக்கம்) அதையும் அபிவிருத்தி வேலையாகத்தான் பார்க்கிறது. சுவர் ஒன்றைக்கூட இடிக்காவிட்டாலும் பிளான் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பிளான் கீறியவர் மாடிப்படி, கழிவறை, மலக்குழி எல்லாம் அழகாகக் கீறியிருந்தார். ஏசியின் வெளி யூனிட்டுகள் (சூட்டை வெளியே தள்ளும் பெட்டிகள்) எங்கே நிற்கும் என்று அவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கச் சுவரில் கொங்கிறீட் தட்டு அடித்து வரிசையாக வைப்பதாக என் மனக்கணக்கு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தார். "இது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட இடம், நெருப்புப் பிடித்தால் ஆள் ஓடுகிற வழி. இதில் தட்டு அடிக்க ஏலாது." அவ்வளவுதான். மனிதர் சொன்னது நியாயம், கோபப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. யூனிட்டுகள் மொட்டைமாடிக்கு ஏறின. அந்தப் பாரத்தைப் பழைய சிலாப் தாங்குமா என்று பொறியியலாளரின் கடிதம், திருத்திய பிளான், மறுபடியும் வரிசை. மூன்று கிழமை போனது. முதல் நாளே பிளானில் பதினெட்டுச் சின்னப் பெட்டி கீறியிருந்தால் முடிந்திருக்கும்.

அடுத்தது கடல். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் (1981 இன் 57 ஆம் இலக்கம்) சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது வழமையாக ஏறி நிற்கும் கோடு) தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. நம் பட்டினம் ஒரு நாக்கு மாதிரி, ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் உட்துறைமுகம். இரண்டு பக்கமும் 300 மீற்றர் கீறிப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். மணலில் கட்டுபவனுக்குத்தான் அந்தச் சட்டம் என்று முதலாளி நினைத்திருந்தார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வீதியும் இரண்டு வளவும் இருந்தன. அளந்தால் 180 மீற்றர். அதற்கும் தனியாக விண்ணப்பித்தோம்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எதிர்பார்க்காதது. கரண்ட் கணக்குப் போட உட்கார்ந்தோம். அறைக்கு 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) இன்வேர்ட்டர் ஏசி, ஒன்று 1.1 கிலோவாட் என்று வைத்தால் பதினான்குக்கும் 15.4. சாப்பாட்டு மண்டபத்தில் நான்கு கசெட் யூனிட் (கூரைத் தட்டில் பதிக்கிற ஏசி), அது 13 போல. லைட், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் சேர்த்து 8. ஆக 36, 37 கிலோவாட். சாதாரண இணைப்பின் உச்சம் 42 கேவிஏ (இணைப்பின் அளவைச் சொல்லும் அலகு, ஏறத்தாழக் கிலோவாட் போல). அதைத் தாண்டினால் மொத்த விநியோகம், உச்சக் கேள்விக்கென்று (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்சக் கரண்ட்) தனிக் கட்டணம். ஒருமாதிரி உள்ளே நிற்கிறோம் என்று மூச்சு விட்டபோது முதலாளி சொன்னார்: "பாத்ரூம் எல்லாத்துக்கும் சுடுதண்ணி ஹீட்டர் எழுதினீங்களா?" உடனடி ஹீட்டர் ஒன்று 3 கிலோவாட். பதினான்கு பேர் ஒரே நேரம் குளித்தால் 42. குளிரூட்டுவதற்கு மேலே சூடாக்குவதற்குப் போகிறது, அதுவும் கச்சான் காற்றடிக்கும் இந்த ஊரில்! வெந்நீர் வேண்டுமென்றால் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன், அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஹீட்டர்களைத் தூக்கிவிட்டு, மொட்டைமாடியில் ஒரு ஹீட் பம்பும் (காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மெஷின்) சூடு போகாமல் காப்பிட்ட தாங்கியும் வைத்தோம். ஒரு பங்கு கரண்டுக்கு மூன்று பங்கு சூடு தரும், இரவிரவாக மெதுவாக நிரப்பலாம். 42 இற்குள் அடங்கிற்று.

வேலை முடிந்து இணக்கச் சான்றிதழுக்கு (கட்டடம் பிளான்படி இருக்கிறது என்று தரும் கடதாசி) வந்தவர்கள் பிளானையும் மொட்டைமாடியையும் ஒத்துப் பார்த்தார்கள். ஹீட் பம்ப் பிளானில் இல்லை. சரி, இன்னொரு திருத்தம்.

சல்லிக் கடல்:

அண்ணா, நீங்கள் சத்தத்தைத் தொடவில்லை. எனக்கு அதில்தான் அடி. உப்புவெளியில் ரெஸ்டோரன்ட். 1996 ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு விதிகளில் மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபை எல்லைக்குள் 55, 45. இரவு என்பது மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை, அதாவது எங்கள் வியாபார நேரம் முழுக்க. பட்டினத்தில் அதே மெஷின்கள் ஓடும் கடையைப் பார்த்துவிட்டு வந்து பூட்டினேன். உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறது என்பது எனக்குத் தெரியும்தான், ஆனால் அதனால் டெசிபெல் மாறும் என்று யார் கண்டது.

பக்கத்து வளவு அம்மம்மா வேலியடியில் நின்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, அறுபது வருசம் கடல் சத்தத்தோட படுத்தனான். உங்கட பெட்டிச் சத்தத்தோட ஏலாது மோனை." பிறகு முறைப்பாடு, பிறகு மீற்றரோடு ஆட்கள். ஒரே மாதிரி இரண்டு யூனிட் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் 3 டெசிபெல் கூடும், தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 குறையும். இதை அவர்கள்தான் படம் கீறி விளங்கப்படுத்தினார்கள். யூனிட்டுகளை மற்றப் பக்கம் கொண்டுபோக, செப்புக் குழாய்க்கு மட்டும் நல்ல செலவு. குழாய் நீண்டதால் குளிரூட்டும் கேஸும் மேலதிகமாக ஏற்ற வேண்டியிருந்தது. ஏசியில் வடியும் தண்ணீரை அம்மம்மாவின் கறிவேப்பிலை மரத்தடிக்கு விட்டிருக்கிறேன். இப்போது கதைக்கிறார்.

மட்டிக்களி மருமகள்:

நான் சின்னப் பல் வைத்தியக் கிளினிக் வைத்திருக்கிறேன். பெரிய கதை இல்லை, ஒரே ஒரு கடிதக் கதை. அனுமதி விண்ணப்பத்தைத் தமிழில் கொடுத்தேன். பதில் சிங்களத்தில் வந்தது. கந்தோரின் பெயர் வேண்டாம். ஏதோ ரசீது என்று கடிதக் கோவையில் குத்தி வைத்துவிட்டேன். ஓய்வுபெற்ற கிளாக்கர் மாமா ஒருவர் வேறு அலுவலாக வந்தவர், தற்செயலாகப் பார்த்தார். "பிள்ளை, இதில உங்களிட்டத் தீயணைப்புக் கருவி விபரம் கேட்டிருக்கு, திகதி நேற்றோட முடிஞ்சுது." கால் நடுங்கிப்போனது. நேரே போய் நின்றேன், கால அவகாசம் தந்தார்கள். அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, ஆகவே பதிலைத் தமிழில் தாருங்கள் என்று மாமா இரண்டு வரி எழுதித் தந்தார். அடுத்த கடிதம் தமிழில் வந்தது, எழுத்துப்பிழைகளோடு. குறை சொல்லவில்லை.

பாலையூற்றுப் பொடியன்:

ஏகாம்பரம் வீதியில் ஒரு சின்ன சலூன் எடுத்திருக்கிறேன், வாடகைக் கடை. இரண்டு ஸ்பிளிட் ஏசிதான். இதற்கும் இவ்வளவு அலைய வேண்டுமா அண்ணாமார்?

உவர்மலை ஏசிக்காரன்:

தம்பி, உங்களைப் போன்ற கடைகளுக்கு நான் பூட்டியதில் ஒருவரிடமும் பிளான் கேட்டதில்லை. கடைச் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிறகு சுவரில் ஓட்டை என்று சண்டை வரும். மீற்றர் எத்தனை அம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயை நடைபாதைக்கு மேலே விட்டுவிடாதீர்கள். குழாய் சுற்றின கறுப்பு ஸ்பொஞ்சைக் காகம் கூட்டுக்குப் பிய்த்துக்கொண்டு போகும், அதற்கு மேலே பிவிசி மூடி போடச் சொல்லுங்கள். பழைய பெட்டி அட்டைகளை வாசலில் வைக்காதீர்கள், நம்மூர் வீதிகளில் திரியும் மான்கள் இழுத்து வீதி முழுக்கப் பரப்பிவிடும். சனிக்கிழமை பின்னேரம் வந்து பார்க்கிறேன்.