சத்தமே வராத சிபியூ கூலர் எது? அவசரம், காலையில வாங்கணும்

கோத்தகிரிக் குயில் (வெள்ளி இரவு 10.40)
வணக்கம். ப்ராசசர் ஃபேன் சத்தம் தாங்க முடியல. 3000 ரூபாய்க்குள்ள சத்தமில்லாத கூலர் ஒண்ணு சொல்லுங்க. காலையில முதல் பஸ்ஸுக்குத் தம்பி கோயமுத்தூர் போறான், அவன்கிட்டயே சொல்லி விடணும். குரல் பதிவு பண்ற வேலை. திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும். ப்ளீஸ்.

வர்க்கிப் பொட்டலம் (10.47)
என்ன ப்ராசசர்ங்க?

தேயிலைத் தூள் (10.49)
கேபினட் என்ன? உள்ள எவ்வளவு உயரம் விடும்?

ஓம் விதி (10.58)
ப்ராசசர் பெயரில்லாமல் கூலர் கேட்பது, கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்பது போல. இதே பதிலை இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. சரி, எழுதிக்கொள்: நாக்டுவா என்எச்-டி15. உயரம் 165 மி.மீ. அது நுழையாத கேபினட்டை நான் கேபினட் என்றே சொல்ல மாட்டேன்.

வர்க்கிப் பொட்டலம் (11.01)
அண்ணா, அவர் 3000னு சொல்லியிருக்கார்.

ஓம் விதி (11.03)
அப்படியானால் கேள்வியே தவறு.

கோத்தகிரிக் குயில் (11.10)
சாரி சாரி. இன்டெல் ஐ5. கேபினட் கருப்பு கலர்.

தேயிலைத் தூள் (11.11)
கருப்பா. சரி, பாதி பிரச்சனை தீர்ந்துச்சு 😄 ஐ5ல எந்த நம்பர்ங்க?

கோத்தகிரிக் குயில் (11.19)
12400. கூடவே வந்த ஃபேன்தான் மாட்டியிருக்கு. மார்ச்ல வாங்கினது. சத்தம் ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. இங்க ஒன்பது மணிக்கு மேல ஊரே அடங்கிடும். வெளிய காட்டெருமை மேயறப்ப மூச்சு விடறது வரைக்கும் கேக்கும். அதுல இந்த ஃபேன் மட்டும் மாவு மில் மாதிரி. மைக்ல எல்லாமே ஏறிடுது.

வெலிங்டன் மின்சாரம் (11.24)
தம்பி, என்கிட்ட பழைய கூலர் மாஸ்டர் ஹைபர் 212 சும்மா கிடக்கு. ஆறாம் ஜென், அதாவது ஆறாம் தலைமுறை ஐ5ல போட்டிருந்தேன். குன்னூர் பக்கம் வந்தா எடுத்துட்டுப் போங்க. காசெல்லாம் வேண்டாம்.

வெண்பனி (11.31)
ஐயா, நல்ல மனசுதான், ஆனா அப்படியே உட்காராது. உங்க போர்டுல கூலர் ஓட்டைகளுக்கு நடுவுல 75 மி.மீ. 12ஆம் ஜென்ல சாக்கெட் (ப்ராசசர் உட்கார்ற இடம்) எல்ஜிஏ1700, அதுல 78. மூணு மில்லிமீட்டர்தானேன்னு அமுக்கக் கூடாது, போர்டு போயிடும். 1700க்கான பிராக்கெட் தனியா கிடைச்சா மாட்டலாம்.

குயில், வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. வெப்பம் எவ்வளவு காட்டுது?

பூம்பாறைப் பூண்டு (11.40)
கொடைக்கானல்ல இருந்து என் அனுபவத்தைச் சொல்றேன். மலையில காத்து மெலிசு. ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் அள்ளறதுக்குக் காத்து இருக்காது. கீழ வாங்கற கூலரை விட ஒரு சைஸ் பெருசாத்தான் இங்க வாங்கணும். நான் 240 மி.மீ. வாட்டர் கூலர் போட்டேன். அதுதான் வழி.

வர்க்கிப் பொட்டலம் (11.44)
அட, ஊட்டியில எவனாவது வாட்டர் கூலிங் போடுவானா? ஜன்னலைத் திறந்தா முடிஞ்சுது.

தேயிலைத் தூள் (11.46)
ஜன்னலைத் திறந்தா மஞ்சு உள்ள வரும். கூலர்ல தண்ணி கோத்து போர்டுல சொட்டும்.

வெண்பனி (11.55)
சொட்டாதுங்க. ஓடிட்டு இருக்கற மெஷின்ல ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளிய விடற உலோகப் பகுதி, எப்பவும் அறைக் காத்தை விடச் சூடாத்தான் இருக்கும், சூடான பரப்புல பனி கோக்காது. குளிர்ந்து கிடந்த மெஷினை ஈரக் காத்துள்ள சூடான அறைக்குத் தூக்கிட்டு வந்து உடனே ஆன் பண்ணினாதான் பயம்.

கோத்தகிரிக் குயில் (12.08)
டாஸ்க் மேனேஜர்ல வெப்பம் தெரியலயே?

வெண்பனி (12.10)
அதுல ப்ராசசர் வெப்பம் தெரியாது. எச்டபிள்யூஇன்ஃபோ இறக்குங்க, சென்சார்ஸ் மட்டும்னு டிக் பண்ணித் திறங்க. சும்மா இருக்கறப்ப எவ்வளவு, ஆடியோ எக்ஸ்போர்ட் ஓடறப்ப எவ்வளவு, ரெண்டும் வேணும்.

கோத்தகிரிக் குயில் (12.26)
சும்மா இருக்கறப்ப 58. எக்ஸ்போர்ட்ல 98, 99, சிவப்புல 100. மலைன்னா அப்படித்தான் போலனு நெனச்சேன். நான் ஸ்வெட்டர் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்க்கா.

வெண்பனி (12.33)
ஸ்வெட்டர் போடற குளிர்ல சும்மா இருக்கறப்பவே 58 வரக் கூடாது. 100ங்கறது அந்தச் சிப்போட கடைசி எல்லை, அதுக்கு மேல அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். இது ஃபேன் குத்தம் இல்ல. சூடு சிப்புல இருந்து மேல ஏறவே இல்ல, ஃபேன் பாவம் கத்திட்டு இருக்கு.

மெஷின் எப்படி வந்துச்சு?

கோத்தகிரிக் குயில் (12.36)
கோயமுத்தூர்ல மாட்டிக் குடுத்தாங்க. பஸ் டிக்கியில படுக்க வெச்சுக் கொண்டு வந்தேன்.

வெண்பனி (12.49)
அப்ப கூலர் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. அந்த ஃபேனை நாலு பிளாஸ்டிக் பின்தான் பிடிச்சிருக்கு. மேட்டுப்பாளையத்துக்கு மேல கொண்டை ஊசி வளைவுல குலுங்கினா ஒண்ணு மேல வந்திருக்கும், இல்ல மாட்டறப்பவே சரியா உட்காராம இருந்திருக்கும்.

கரண்ட் வயரைப் பிடுங்கிட்டுப் பக்கத்து மூடியைக் கழட்டுங்க. நாலு மூலையிலயும் கருப்புக் குமிழ் இருக்கும், தலையில ஒரு அம்புக்குறி. விரலால லேசா அசைச்சுப் பாருங்க. மூணு கல்லு மாதிரி நிக்கும், ஒண்ணு ஆடும். போர்டுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டாப் பிளந்த கால் விரிஞ்சு தெரியணும். ஒரு கால் சேர்ந்து உள்ளயே நிக்குதுன்னா அதுதான் ஆள்.

அப்படியே அமுக்காதீங்க. மொத்த கூலரையும் கழட்டி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தற பழைய பேஸ்ட்டைத் துடைச்சு, புதுசா பட்டாணி அளவு வெச்சு, எதிரெதிர் மூலையா அமுக்குங்க. அம்பு காட்டற பக்கம் திருப்பினா கழலும், அதனால மாட்டறப்ப அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ‘டக்’குனு சத்தம் வரணும்.

வெலிங்டன் மின்சாரம் (சனி காலை 6.15)
பேஸ்ட் துடைக்க வீட்டுல என்ன இருக்கும்? நீலகிரித் தைலம் போட்டுத் துடைக்கலாமாம்மா? ஸ்டிக்கர் பசையெல்லாம் அதுலதான் எடுப்பேன்.

வெண்பனி (7.02)
பசை போகும்ங்க ஐயா, ஆனா எண்ணெய்ப் படலம் நின்னுடும், அதுக்கு மேல பேஸ்ட் ஒழுங்கா ஒட்டாது. மருந்துக் கடையில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேளுங்க. கை சானிடைசரும் வேண்டாம், பலதுல கிளிசரின் கலந்திருக்கும்.

பூம்பாறைப் பூண்டு (7.40)
நான் சொன்ன மெலிசுக் காத்துக்கு யாரும் பதில் சொல்லலயே.

வர்க்கிப் பொட்டலம் (7.58)
நான் சொல்றேன். கூலர்ல சூட்டைக் கடத்தற குழாய் இருக்கே, அந்த ஹீட்பைப்புக்குள்ள தண்ணிதான். மலையில தண்ணி 93, 94லயே கொதிச்சுடும், அதான் குக்கர் இல்லாம பருப்பு வேகறதில்ல. சீக்கிரம் கொதிச்சா சீக்கிரம் சூட்டை எடுக்கும். ஆக ஹீட்பைப் கூலர் இங்க இன்னும் நல்லா வேலை செய்யும்.

ஓம் விதி (8.20)
கடவுளே. ஹீட்பைப் என்பது இரு முனையும் அடைத்த குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியது. வெளியே ஊட்டியா ராமேஸ்வரமா என்று அதற்குத் தெரியாது. உன் பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வர்க்கிப் பொட்டலம் (8.22)
சரிங்ணா, பருப்பை விட்டுடறேன். ஆனா மரியாதையாப் பேசலாம்.

வெண்பனி (8.51)
ஹீட்பைப் விஷயத்துல ஓம் விதி சொன்னது சரி. மெலிசுக் காத்துல பூண்டு சொன்னதுலயும் பாதி சரி. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய 84 சதவீதம். ஃபேன் அதே வேகத்துல அதே கன அளவு காத்தைத்தான் தள்ளும், ஆனா அதுல எடை குறைவு. அறையை விட 35 டிகிரி மேல நிக்கற சிப் அதனால மிஞ்சிப் போனா 41, 42 மேல நிக்கும். ஆறேழு டிகிரி நட்டம். சரி, சென்னையில ஏப்ரல்ல அறையே 34. உங்க அறை 16. பதினெட்டு டிகிரி லாபம். மலைக்குப் பெரிய கூலர் வேணும்ங்கற கணக்கு உதைக்குது.

பூம்பாறைப் பூண்டு (9.05)
கணக்கு வேற, அனுபவம் வேற.

தேயிலைத் தூள் (9.07)
உங்க வாட்டர் கூலர் சத்தம் வராதா?

பூம்பாறைப் பூண்டு (9.30)
கொஞ்சம் குளுகுளுன்னு வரும். ஓடை மாதிரி இருக்கும், பழகிடும்.

ஓம் விதி (9.34)
தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரை, அதைச் சுற்றவிடும் பம்ப்புக்குக் கீழே மாட்டியிருக்கிறாய். உள்ளே இருக்கும் காற்று மேலே ஏறும். உன் பெட்டியில் மேலே இருப்பது பம்ப். அதுதான் ஓடை.

பூம்பாறைப் பூண்டு (9.50)
……பார்க்கறேன்.

தேயிலைத் தூள் (சனி இரவு 8.00)
குயில், தம்பி என்ன வாங்கிட்டு வந்தார்?

தேயிலைத் தூள் (ஞாயிறு மதியம் 1.12)
குயில்?

வெண்பனி (ஞாயிறு மாலை 4.40)
வேலையில இருப்பார், விடுங்க. பின்னாடி படிக்கறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கறேன். பின் சரியான பிறகும் சத்தம் வேண்டாம்னா, 12400க்கு ஒத்தை டவர் (கோபுரம் மாதிரி நிக்கற ஒரே தகடு அடுக்கு), 120 மி.மீ. ஃபேன் தாராளம். அந்தச் சிப் நீண்ட நேர ஓட்டத்துல 65 வாட், குறுகிய நேரத்துக்கு 117. டீப்கூல் ஏகே400 மாதிரி ஒண்ணு போதும். அதோட உயரம் 155 மி.மீ. சிப் பரப்புல இருந்து மூடி வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வாங்குங்க, கருப்பா வெள்ளையாங்கறது அப்புறம். பெரிய ஃபேன் எதுக்குன்னா மெதுவாச் சுத்தினாலே போதும்ங்கறதுக்குத்தான். வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும்.

ஏறி இறங்கற சத்தம்தான் மைக்குக்கு எதிரி, ஒரே சீரா இருந்தா எடிட்டிங்ல எடுத்துடலாம். பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகறப்பத் திறக்கற அமைப்புப் பக்கம்) ஃபேன் வளைவை, அதாவது எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம்ங்கற கோட்டை, திறந்து 60 டிகிரி வரைக்கும் ஒரே வேகத்துல படுக்க வையுங்க, வேகம் ஏறறதுக்கும் ரெண்டு மூணு வினாடி தாமதம் குடுங்க. நாலு ஊசி ஃபேன்னா அங்கயே பிடபிள்யூஎம்னு இருக்கற வேகக் கட்டுப்பாட்டு முறையை வையுங்க. காசே செலவில்லாம இன்னொண்ணு: பெட்டியை மைக்குல இருந்து ரெண்டு மடங்கு தூரம் தள்ளுங்க. திறந்த வெளியில 6 டெசிபல் குறையும், அறைக்குள்ள அதை விடக் கம்மி, ஆனாலும் காதுக்குத் தெரியும்.

ஓம் விதி (ஞாயிறு 5.05)
டி15 போட்டிருந்தால் இத்தனை வரி எழுத வேண்டியதில்லை.

கோத்தகிரிக் குயில் (செவ்வாய் இரவு 11.20)
மன்னிக்கணும், வேலை. பின் ஒண்ணு கழண்டுதான் இருந்துச்சு, மேல இடது பக்கம். பேஸ்ட் பாதி சிப்புல படவே இல்ல, ஒரு ஓரம் பளபளன்னு புதுசா இருந்துச்சு. மாட்டிட்டேன். இப்ப 31, எக்ஸ்போர்ட்ல 66. பதிவு குடுத்தாச்சு. அளந்தேன், 161 வருது, ஏகே400 சொல்லியிருக்கேன். அக்காவுக்கு நன்றி.

வெலிங்டன் மின்சாரம் (புதன் 6.10)
சந்தோஷம் தம்பி. எதை வெச்சுத் துடைச்சீங்க?

வெண்பனி (புதன் 9.15)
மாட்டினதும் வெப்பமும் ஃபேன் வேகமும் போடுங்க.

பூம்பாறைப் பூண்டு (வியாழன் 7.45)
ரேடியேட்டரை மேல மாத்திட்டேன். ஓடை நின்னுடுச்சு. என்னவோ போல இருக்கு.

மசினகுடி மான் (இரண்டு மாதம் கழித்து)
எனக்கும் இதே பிரச்சனை. எந்தக் கூலர் வாங்கலாம்? அவசரம். லேப்டாப்.