விட்சர்: புத்தகக் கதையும் ஆட்டக் கதையும் ஒரே காலவரிசையில் ஒட்ட மறுக்கின்றன, உதவி தேவை

காகிதக்கப்பல்:

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாவல்களின் முடிவும் ஆட்டங்களின் முடிவும் இதில் வெளிப்படும். இன்னும் முடிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள்.

காசுக்காகக் கொடிய பிராணிகளை வேட்டையாடும் 'விட்சர்' ஒருவனின் கதையான 'தி விட்சர்' கணினி ஆட்டங்கள் மூன்றையும் முதலில் ஆடினேன். அப்புறம்தான் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியின் சிறுகதைகளுக்கும், 1994 முதல் 1999 வரை வந்த ஐந்து நாவல்களுக்கும் வந்தேன். இப்போது நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கதையாட்டத்தை அந்த உலகத்தில் நடத்தப் போகிறேன். எங்களில் பாதிப்பேருக்கு ஆட்டம் மட்டும் தெரியும், பாதிப்பேருக்குப் புத்தகம் மட்டும். அதனால் அந்த விட்சர், கதாநாயகன் கெரால்ட்டின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக ஒரு நீளத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த உலகத்தின் கணக்கில் 1268இல், ரிவியா நகரத்தில் தாள் நின்றுவிட்டது.

கடைசி நாவலில் அந்த ஊர்க் கலவரத்தில் ஒரு பையன் வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் கெரால்ட்டைக் குத்துகிறான். காப்பாற்றப் பார்த்த அவன் காதலி, சூனியக்காரி யென்னஃபரும் சக்தியெல்லாம் தீர்ந்து அவன் பக்கத்திலேயே சாய்கிறாள். அவர்கள் மகளாக வளர்த்த சிரி இருவரையும் படகில் ஏற்றி, மூடுபனிக்குள் கொண்டுபோய்விடுகிறாள். 2007இல் வந்த முதல் ஆட்டமோ அந்த உலகத்தின் 1270இல் தொடங்குகிறது. காட்டில் தனியாக ஓடிவரும் கெரால்ட், பழைய நினைவெல்லாம் இழந்து விட்சர்களின் கேர் மோர்ஹென் கோட்டையில் கண் விழிக்கிறான்.

இடைவெளியைக்கூட எப்படியாவது அடைத்துவிடலாம். என்னைத் தூங்கவிடாதது வேறு. அவன் நினைவிழந்தான், சரி. சுற்றியிருப்பவர்களுக்கு என்ன ஆனது? சூனியக்காரி டிரிஸ், பாடகன் டான்டிலியன், குள்ளன் சோல்டன் என்ற நண்பர்கள் மூவருமே ரிவியாவில் இருந்தவர்கள். வெசிமிர் அதே கோட்டையில் சிரிக்கு வாள் பழக்கிய கிழவர். உனக்கு மகள் மாதிரி ஒருத்தி இருந்தாள் என்று ஒருவர்கூட அவனை உட்கார வைத்துச் சொல்லவில்லையே!

இன்னும் இரண்டு முடிச்சு உண்டு: நாவலில் செத்துப்போன இரத்தக்காட்டேரி நண்பன் ரீஜிஸ் ஆட்டத்தில் திரும்பி வருவது, உலகத்தை அழிக்கும் என்று சொல்லப்படும் வெண்பனி என்றால் என்ன என்பது. ஆட்டக் கதை முழுவதையும் சாகிறவனின் கனவாக்கிப் பார்த்தேன், நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தக முடிவையே அடித்துவிட்டும் பார்த்தேன். அதற்கு எனக்கே மனம் வரவில்லை.

இரவுவாசி:

இடைவெளிக்குப் பதில் 2011இல் வந்த இரண்டாம் ஆட்டத்திலேயே இருக்கிறது. நினைவு திரும்பும் காட்சிகளைத் தவிர்க்காமல் பாருங்கள். சிரி விட்டுவந்த தீவில் இருவரும் நிம்மதியாக இருக்கிறார்கள். வைல்ட் ஹன்ட் என்ற பேய்க் குதிரைப்படை வந்து யென்னஃபரைத் தூக்கிப்போகிறது. கெரால்ட் துரத்திப் போகிறான், வழியில் லெத்தோ என்ற இன்னொரு விட்சரும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். கடைசியில் யென்னஃபருக்குப் பதிலாகத் தன்னையே கொடுத்து அந்தக் குதிரைப்படையோடு போகிறான். நாவலில் அந்தப் படையின் தலைவன் எரெடினும் அவனுடைய ஆட்களும் சிரியை உலகம் உலகமாகத் துரத்தியவர்கள்தானே? அந்த இழையைத்தான் ஆட்டம் பிடித்துக்கொண்டது. தாளில் தைரியமாக ஏற்றலாம்.

ரீஜிஸ் விஷயத்தில் ஆட்டம் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாவலில், முன்பு ஒருமுறை ஊர்க்காரர்கள் தன் தலையை வெட்டிப் புதைத்ததாகவும், மீண்டு வர ஐம்பது ஆண்டு பிடித்ததாகவும் ரீஜிஸே சொல்கிறான். அப்படிப்பட்டவனை வில்கெஃபார்ட்ஸ் என்ற மந்திரவாதி உருக்கியே விடுகிறான். மூன்றாம் ஆட்டத்தின் 2016 விரிவாக்கம் நடப்பது 1275இல், அதாவது ஏழெட்டு ஆண்டில் ஆள் எழுந்து நிற்கிறான். டெட்லாஃப் என்ற இன்னொரு மேல்நிலை இரத்தக்காட்டேரி எஞ்சியதைக் கண்டெடுத்துத் தன் ரத்தம் கொடுத்துத் தேற்றியதாகக் காரணம் சொல்கிறார்கள். ஒரு மேல்நிலைக் காட்டேரியை இன்னொரு மேல்நிலைக் காட்டேரிதான் நிரந்தரமாகக் கொல்ல முடியும் என்ற விதியையும் சேர்த்தார்கள். வில்கெஃபார்ட்ஸ் மனிதன். கணக்கு சரியாக வருகிறது.

காகிதக்கப்பல்:

டெட்லாஃப் உதவியதால் ஐம்பது ஆண்டு சுருங்கியிருக்கும் என்பது இதுவரை எனக்கு எட்டவே இல்லை. நன்றி, ரீஜிஸ் தாளில் ஏறிவிட்டான். ஆனால் அந்த மௌனம் அப்படியே நிற்கிறது.

நெடுங்கணக்கு:

மௌனத்தைக் கதைக்குள்ளிருந்து முழுசாக விளக்க முடியாது என்பதே என் எண்ணம். முதல் ஆட்டம் புத்தகம் படிக்காதவர்களுக்கும் கதவு திறக்க வேண்டியிருந்தது. அதனால் சிரியின் இடத்தில் ஆல்வின் என்ற சிறுவனை வைத்தார்கள், அவனுக்கும் அடக்கத் தெரியாத மந்திர சக்தி. சிரி பெயரை எடுத்தால் ஆல்வின் கதை நிற்காது.

ஆனாலும் உங்கள் மேசைக்கு ஒரு காரணம் வேண்டும். அதைப் புத்தகமே கொஞ்சம் தருகிறது. டிரிஸுக்குக் கெரால்ட் மேல் உள்ள ஆசை நாவலிலேயே வெளிப்படை. முன்பு கொஞ்சம் மந்திரத்தின் துணையோடுதான் அவனை ஈர்த்தாள் என்றும் வருகிறது. அவள் வாய் திறக்காததற்கு அது போதும். வெசிமிருக்கு? இல்லாத மகளை நினைவூட்டி, இப்போதுதான் பிழைத்து வந்தவனை மறுபடி சாலைக்கு அனுப்ப ஒரு கிழவருக்கு மனம் வராது. இது என் ஒட்டு, ஆட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. தாளில் எழுதும்போது வேறு மையில் எழுதுங்கள்.

எனக்கு உதவிய வழி இது: ரிவியாதான் இரண்டு கதையையும் இணைக்கும் தையல். அதற்கு முந்தைய காலத்தில் இரண்டும் முரண்பட்டால் புத்தகம் சொல்வதை எடுங்கள், பிந்தைய காலத்துக்கு ஆட்டம். டிரிஸையே பாருங்கள். 1263 சாடன் போரில் உடல் எரிந்து, தழும்போடு பிழைத்தவள். இறந்தவர்களின் பெயர்களோடு தவறுதலாகச் சேர்க்கப்பட்ட பதினான்காமவள். மந்திர மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தானெட் தீவு விருந்தில் மற்ற சூனியக்காரிகள் எல்லாம் மார்பு தெரிய உடுத்தி வரும்போது, இவள் மட்டும் கழுத்துவரை மூடிய உடையில் நிற்கிறாள். அந்த ஒரு உடையில் போர் முழுவதும் இருக்கிறது. ஆட்டத்தில் செம்பட்டை முடியும் இறங்கிய கழுத்துமாக, தழும்பே இல்லாமல் வருகிறாள். உங்கள் மேசையில் அவளுக்குக் கழுத்துப்பட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

வெண்பனியை மட்டும் ஒட்டப் பார்க்காதீர்கள். நாவலில் அது இயற்கையாக வரும் பனியுகம், ஆயிரக்கணக்கான ஆண்டு தள்ளி, மெல்ல வருவது. ஆட்டத்தில் உலகங்களை விழுங்கும் ஒரு சக்தி, சிரி உள்ளே போய் நிறுத்துகிறாள். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. சிரி நிறுத்தியது ஒன்று, இத்லினியின் தீர்க்கதரிசனத்தில் உள்ள பனியுகம் இன்னொன்று என்று இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம்.

மூடுபனிப்படகு:

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கடைசி நாவலில் சிரி வேறொரு உலகத்தில் கலஹாட் என்ற வீரனிடம் முழுக் கதையையும் சொல்கிறாள். கெரால்ட்டுக்கும் யென்னஃபருக்கும் கல்யாணம் நடந்ததாக முடிக்கிறாள். சொல்லும்போதே அழுகிறாள். அந்தப் பக்கத்தைப் படித்து நானும் அழுதேன். அவர்கள் தீவில் பிழைத்தார்கள், பிறகு இது நடந்தது, அது நடந்தது என்று தாளில் எழுதினால் அந்தக் கண்ணீர் எதற்கு? ஆட்டங்கள் எனக்கும் பிடிக்கும், ஆனால் அவை தனி. சப்கோவ்ஸ்கியும் ஆட்டங்களைத் தன் கதையின் தொடர்ச்சியாக ஏற்றதில்லை.

நெடுங்கணக்கு:

நியாயம்தான், அந்தக் கண்ணீரை நானும் இழக்க விரும்பவில்லை. ஆனால் அதே நாவலில் நூறாண்டுக்கும் பின்னால் நிமூயே, கண்ட்விராமூர்ஸ் என்ற இரு பெண்கள் உட்கார்ந்து, முன்னுக்குப் பின் முரணான ஓவியங்களையும் ஏடுகளையும் கனவுகளையும் வைத்துக்கொண்டு சிரிக்கு உண்மையில் என்ன ஆனது என்று தேடுகிறார்களே. 2013இல் வந்த நாவலின் முடிவுரையிலோ, சிறுமி நிமூயே வெள்ளை முடி விட்சர் ஒருவனைச் சந்திக்கிறாள். அவன் யார் என்று புத்தகம் உறுதியாகச் சொல்லவில்லை. கதை பல வாயில் பலவாறு சொல்லப்படுவது அந்த உலகத்துக்குள்ளேயே உள்ள வழக்கம். ஆட்டத்திலும் பாத்திரக் குறிப்புகளை எழுதுவது டான்டிலியன்தான்.

காகிதக்கப்பல்:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தாளை ரிவியாவில் வெட்டிவிட்டேன். மேல்பாதி கறுப்பு மை. கீழ்பாதியின் தலைப்பில் 'டான்டிலியன் சொன்னபடி' என்று எழுதி, அவன் சொல்வதாகவே தீவு, லெத்தோ, ரீஜிஸ் எல்லாவற்றையும் ஏற்றினேன். வெசிமிரின் மௌனம் பச்சை மையில். வெண்பனிக்கு இரண்டு வரி, நடுவில் கோடு.

முதல் அமர்வு ஒரு விடுதியில் தொடங்கும். டான்டிலியன் கதை சொல்லிக்கொண்டிருப்பான். மூலையில் உட்கார்ந்து கேட்கும் சாம்பல் முடிப் பெண், கன்னத்தில் தழும்போடு, கல்யாணத்தில் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள். அவள் யார் என்று நண்பர்கள் கேட்டால் சொல்லமாட்டேன். மூடுபனிப்படகு, அந்தக் காட்சி உங்களுக்காக.