சேற்றுக்கு எந்த டயர்?
வணக்கம், மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் ஒற்றைக் கியர் சைக்கிள் ஓட்டுகிறேன், 29 அங்குலச் சக்கரம், பல் முன்னால் 32, பின்னால் 20. கியர் மாற்றி இல்லாததால் அந்தப் பக்கம் சேறு அடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, அதற்காகவே இந்த வண்டி மேல் எனக்கு உயிர். ஆனால் மழை விட்டதும் லோரித் தடத்தில் மேடு வந்தால் எழுந்து நின்று மிதித்தால்தான் ஏறும், எழுந்தாலோ எடை முன்னே போய்ப் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. இப்போதுள்ள 2.25 அங்குல அகல டயரில் செம்மண்ணும் காய்ந்த செம்பனை இலையும் சேர்ந்து அப்பி, பட்டன் (டயர் மேல் பிடிப்புக்கு இருக்கும் ரப்பர் முளை) எல்லாம் மூடி, சட்டத்தில் உரசி வண்டி நின்றேவிடுகிறது. நேற்றுகூடக் குச்சியால் நோண்டி எடுத்தேன். பட்டன் உயரமாக, தள்ளித் தள்ளி இருக்கும் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக் கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும், சரி. அப்புறம், வேர்களில் அது வழுக்காதா? பின்னால் மட்டும் மாற்றினால் போதுமா? என் எடை 75 கிலோ, காற்று எவ்வளவு வைக்கலாம்? ஈப்போவில் எங்கே கிடைக்கும்? ஓட்டிப் பார்த்த அண்ணன்மார் சொல்லுங்கள்.